சமுதாயப் பங்களிப்பு வழிகாட்டிச் செயலிகளைப் பரவலாக்குதல்

சமுதாயப் பங்களிப்பு வழிகாட்டிச் செயலி என்பது, பயனர்களே சேர்த்தும் திருத்தியும் உருவாக்கும் வரைபடத் தரவைக் கொண்டு வழி காட்டும் நகர்பேசி மென்பொருள் ஆகும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைக் கொண்டு இயங்கும் ஓஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் ஆகிய கட்டற்ற மென்பொருள்களும், இஸ்ரேலில் தொடங்கப்பட்டு 2013 இல் கூகுள் நிறுவனத்தால் வாங்கப்பட்ட வேஸ் செயலியும் இவ்வகையைச் சேர்ந்தவை.

இச்செயலிகளைப் பரவலாக்குவது பிற பொருட்களைச் சந்தைப்படுத்துவதிலிருந்து அடிப்படையில் வேறுபட்டது. சவர்க்காரம் வாங்குபவர் அதைச் செய்வதில்லை. ஆனால் இங்கு நுகர்வோரே உற்பத்தியாளரும் ஆவார். விளம்பரத்தைப் பார்த்துச் செயலியை நிறுவும் ஒருவர் தம் ஊர் வெற்றிடமாக இருப்பதைக் கண்டால் அதை நீக்கிவிடுவார். அதே ஒருவர் தம் தெருவின் பெயரைத் தாமே சேர்க்கக் கற்றுக்கொண்டால், அவருக்குப் பின் வரும் அனைவருக்கும் செயலி சற்றே பயனுள்ளதாகிறது. எனவே இங்கு பரவலாக்கம் என்பது பெரும்பாலும் பங்களிப்பாளர்களைச் சேர்ப்பதும் அவர்களைத் தக்கவைத்துக் கொள்வதுமே ஆகும். இக்கட்டுரை, தமிழ்நாட்டின் தென்கோடியில் உள்ள கன்னியாகுமரி மாவட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை விளக்குகிறது.

வரலாறு

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் திட்டம் 2004 இல் ஐக்கிய இராச்சியத்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவரால் தொடங்கப்பட்டது. அந்நாட்டு அரசின் நிலப்பட நிறுவனம் பொதுமக்கள் வரிப்பணத்தில் திரட்டிய தரவை விலைக்கே விற்று வந்தது இதற்கு ஒரு முதன்மைக் காரணம். தன்னார்வலர்கள் புவியிடங்காட்டிக் கருவிகளுடன் நடந்தும் மிதிவண்டியில் சென்றும் தெருக்களைப் பதிந்தனர். 2006 மே மாதத்தில் சில பத்துப் பேர் வைட் தீவில் ஒரு வார இறுதியில் கூடி அத்தீவின் சாலைகளைப் பதிந்தனர். இதுவே பின்னர் உலகெங்கும் நடந்த வரைபடச் சந்திப்புகளுக்கு முன்மாதிரியானது. 2006 இன் இறுதியில் யாகூ நிறுவனமும் 2010 இல் மைக்ரோசாப்ட் நிறுவனமும் தங்கள் வான்வழிப் படங்களைப் பார்த்து வரைய இசைவளித்ததால், வீட்டிலிருந்தபடியே வரைபவர்களும் பெருகினர்.

இந்தியாவைப் பொறுத்தவரை, 2007 இல் ஏ.என்.டி. என்ற டச்சு நிறுவனம் நெதர்லாந்தின் முழுச் சாலைத் தரவுடன் இந்தியா, சீனா ஆகிய நாடுகளின் முதன்மைச் சாலைத் தரவையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிற்கு நன்கொடையாக அளித்தது. நெடுஞ்சாலைகள் இவ்வாறு வந்து சேர்ந்தன. ஊர்த் தெருக்களைத் தன்னார்வலர்களே வரைய வேண்டியிருந்தது.

இதே காலத்தில் வேறு இரு முயற்சிகளும் தோன்றின. 2006 இல் எகுட் சப்தாய் தொடங்கிய ஃப்ரீமேப் இஸ்ரேல் என்ற சமுதாயத் திட்டம் பின்னர் வேஸ் நிறுவனமாக மாறியது. 2008 இல் கூகுள் வெளியிட்ட மேப் மேக்கர், அந்நிறுவனத்தின் இந்தியப் பொறியாளர்களான லலிதேஷ் கட்ரகட்டா, சஞ்சய் ஜெயின் ஆகியோரால் உருவாக்கப்பட்டது. சாலைத் தரவு விலைக்குக்கூடக் கிடைக்காத நாடுகளின் வரைபடங்களைப் பொதுமக்களைக் கொண்டே நிரப்புவது அதன் நோக்கம். அது 2017 மார்ச் 31 அன்று மூடப்பட்டது.

செயற்படும் முறை

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவு மூன்று கூறுகளால் ஆனது. அவை:

- புள்ளி: அட்சரேகை, தீர்க்கரேகை கொண்ட ஓர் இடம். பேருந்து நிறுத்தம், கிணறு, கடை போன்றவை.
- கோடு: வரிசையாக இணைந்த புள்ளிகள். சாலை, ஆறு, கால்வாய் போன்றவை. தொடங்கிய புள்ளியிலேயே முடியும் கோடு குளம், கட்டடம் போன்ற பரப்புகளைக் குறிக்கப் பயன்படும்.
- தொடர்பு: பல கூறுகளின் தொகுப்பு. பேருந்துத் தடம், வட்ட எல்லை போன்றவை.

ஒவ்வொரு கூறுடனும் அதன் தன்மையைக் கூறும் குறிச்சொற்கள் இணைக்கப்படும். வழிகாட்டும் மென்பொருள் சாலைகளை ஒரு வலையாகக் கருதி, ஒவ்வொரு துண்டுக்கும் கடக்க ஆகும் நேரத்தை மதிப்பிட்டு, மொத்த நேரம் குறைந்த தடத்தைக் கணிக்கிறது. இதற்கு 1959 இல் டைக்ஸ்ட்ரா வெளியிட்ட படிமுறையும் அதிலிருந்து வளர்ந்த முறைகளும் பயன்படுகின்றன.

ஒரு சிறு பிழை எவ்வளவு பெரிய தவறாகும் என்பதற்கு மார்த்தாண்டம் மேம்பாலம் நல்ல எடுத்துக்காட்டு. மேம்பாலமும் அதன் கீழ்ச் செல்லும் சாலையும் வரைபடத்தில் ஒன்றையொன்று வெட்டுவதாகத் தெரியும். அவ்விடத்தில் இரு கோடுகளுக்கும் பொதுவான புள்ளி ஒன்றை யாரேனும் தவறுதலாக வைத்துவிட்டால், மென்பொருள் அதை ஒரு சந்திப்பாகக் கருதி, பாலத்தின் நடுவில் 'வலப்புறம் திரும்புக' என்று கூறும். மேம்பாலத்துக்கு மேல்மட்டக் குறிச்சொல் இட்டு, பொதுப் புள்ளியை நீக்கினால் பிழை தீரும். அதுபோல, மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் மக்கள் நடந்து செல்லலாம், வண்டிகள் செல்ல முடியாது. அதை நடைபாதை என்று குறிக்காமல் சாலை என்று குறித்தால் செயலி மகிழுந்தையும் அதன் மேல் அனுப்பும். இப்பிழைகளை வான்வழிப் படத்தைப் பார்த்து மட்டும் கண்டறிவது கடினம். அவ்வழியே செல்பவருக்கோ ஒரு நொடியில் தெரியும்.

தொடக்கச் சிக்கல்

வரைபடம் நிறைவாக இருந்தால்தான் பயனர்கள் வருவர்; பயனர்கள் வந்தால்தான் வரைபடம் நிறைவடையும். கோழி முந்தியா முட்டை முந்தியா என்பது போன்ற இந்நிலை தொடக்கச் சிக்கல் எனப்படுகிறது. விளம்பரச் செலவால் மட்டும் இது தீர்வதில்லை. வருபவர்களில் பெரும்பாலோர் பார்வையாளர்களாகவே இருப்பர். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் 1 கோடிக்கும் மேற்பட்டோர் பதிவு செய்துள்ள போதும், தொடர்ந்து தொகுப்பவர்கள் அவர்களில் மிகச் சிறு பகுதியினரே. விக்கிப்பீடியாவிலும் நிலை இதுவே.

ஆகவே இத்திட்டங்கள் இரண்டில் ஒரு வழியைப் பின்பற்றுகின்றன. ஒன்று, பிறர் திரட்டிய தரவைப் பெற்றுத் தொடக்க அடுக்கை உருவாக்குதல். மற்றொன்று, மிகச் சிறிய பரப்பு ஒன்றைத் தேர்ந்து அதை முழுமையாக்குதல். ஒரு மாநிலம் முழுவதும் அரைகுறையாக இருப்பதைவிட ஒரே ஒரு பேரூராட்சி முழுமையாக இருப்பது கூடுதல் பயன் தரும். ஏனெனில் ஒருவரின் அன்றாடப் பயணங்களில் பெரும்பாலானவை தம் ஊரைச் சுற்றியே அமைகின்றன.

கன்னியாகுமரி மாவட்டம்: ஓர் எடுத்துக்காட்டு

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று, திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது உருவானது. 2019 இல் கிள்ளியூர், திருவட்டார் ஆகிய வட்டங்கள் புதிதாக அமைக்கப்பட்டன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு 18,70,374 பேர் வாழ்ந்தனர். எழுத்தறிவு 91 விழுக்காட்டுக்கும் மேல் இருந்தது. பரப்பில் சிறியதும், மக்கள் நெருக்கமும் படிப்பறிவும் மிக்கதுமான இம்மாவட்டம், சமுதாயப் பங்களிப்புத் திட்டங்களுக்கு ஏற்ற களமாகும்.

குடியிருப்பு அமைப்பு

நாஞ்சில் நாடு எனப்படும் தோவாளை, அகத்தீசுவரம் பகுதிகளில் வயல்களுக்கும் குளங்களுக்கும் இடையே வீடுகள் தெருத்தெருவாகச் செறிந்த ஊர்கள் மிகுதி. மேற்கேயுள்ள விளவங்கோடு, கல்குளம் பகுதிகளிலோ ஒவ்வொரு வீடும் தன் தோட்டத்தின் நடுவே தனித்து நிற்கும். ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெளியூரார் அறிவது கடினம். அங்குள்ள குறுகிய ஊடுவழிகள் தென்னை, இரப்பர் மரங்களின் நிழலில் மறைவதால் செயற்கைக்கோள் படத்திலும் சரிவரத் தெரிவதில்லை.

தோவாளைக் கால்வாய், அனந்தனாறு, புத்தனாறு ஆகியவற்றின் கரைகள் மற்றொரு சிக்கல். உள்ளூரார் சானல்கரை என்று அழைக்கும் இவ்வழிகளில் சில இடங்களில் மகிழுந்து செல்லலாம், சில இடங்களில் இருசக்கர வண்டி மட்டுமே செல்லும். அகலத்தைக் குறிக்காத வரைபடம் வேறுபாடு அறியாது. நாகர்கோவிலில் வடசேரி, மீனாட்சிபுரம் என இரு இடங்களில் பேருந்து நிலையங்களும், சந்திப்பு, டவுன் என இரு தொடருந்து நிலையங்களும் உள்ளன. 'பேருந்து நிலையம்' என்று மட்டும் தேடும் வெளியூர்ப் பயணிக்கு எது தேவை என்பதை, அங்கிருந்து எந்த ஊர்களுக்குப் பேருந்துகள் புறப்படுகின்றன என்ற தகவலே தீர்மானிக்கும்.

ஊர்ப்பெயர்கள்

ஆங்கில எழுத்தில் மட்டும் பெயர்களைக் கொண்ட வரைபடத்தில் ஆரல்வாய்மொழி 'அரம்போலி' ஆகவும், குளச்சல் 'கொலாச்செல்' ஆகவும் தோன்றக்கூடும். இவற்றை ஒலிபெருக்கியில் படிக்கும் செயலி உள்ளூரார் எவரும் அறியாத ஊர் ஒன்றைச் சொல்கிறது. மேலும் இம்மாவட்டத்தில் விளை, கோடு, கோணம், குளம், குழி, துறை என முடியும் சிற்றூர்ப் பெயர்கள் ஏராளம். நாகர்கோவிலின் பள்ளிவிளை, கோணம் போன்று, இவை நில அமைப்பையும் பழைய நிலப் பயன்பாட்டையும் நினைவூட்டுபவை. புதிய குடியிருப்புகளுக்கு 'நகர்' என்று பெயரிடப்படும்போது பழைய பெயர்கள் முதியோரின் பேச்சில் மட்டும் எஞ்சுகின்றன.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஓர் இடத்துக்குப் பல மொழிப் பெயர்களையும், பழைய பெயரையும், வட்டார வழக்குப் பெயரையும் தனித்தனிக் குறிச்சொற்களாகச் சேர்க்க இயலும். தமிழ்நாட்டவருக்கு இச்செயலிகளை எடுத்துரைக்க இதைவிடத் தெளிவான காரணம் இல்லை எனலாம்.

பரவலாக்கும் வழிமுறைகள்

பல நாடுகளில் பயன்பட்ட வழிமுறைகளும், கன்னியாகுமரி போன்ற மாவட்டத்தில் அவை பொருந்தும் விதமும் கீழே தரப்பட்டுள்ளன.

வரைபடச் சந்திப்புகள்

ஒரு நாளில் முடிக்கத்தக்க பரப்பைத் தேர்ந்து, இருவர் இருவராகப் பிரிந்து நடந்து, மாலையில் கூடித் தரவை ஏற்றுவது வழக்கம். அன்று சேர்த்த தெரு சிறிது நேரத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் தோன்றுவதைக் கண்ணால் காண்பதே புதியவருக்குப் பெரிய ஊக்கம். ஸ்காட் கிறித்தவக் கல்லூரி, தெ. தி. இந்துக் கல்லூரி போன்ற நெடுநாள் கல்வி நிறுவனங்களைக் கொண்ட நாகர்கோவிலில், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இத்தகைய பணிக்கு இயல்பான குழுவாவர். ஒவ்வொருவரும் தத்தம் ஊரை வரைந்தால், கல்லூரி அமைந்த நகர் மட்டுமன்றி மாவட்டத்தின் உட்பகுதிகளும் நிரம்பும்.

வழி அறிந்த தொழிலாளர்கள்

தானி ஓட்டுநர், அஞ்சல்காரர், எரிவாயு உருளை கொண்டு செல்பவர், 108 அவசர ஊர்தி ஓட்டுநர் ஆகியோர் எந்த வழி மழையில் மூழ்கும், எந்தப் பாலத்தில் பெரிய வண்டி நுழையாது என்பதை அறிந்தவர்கள். இவர்களிடம் கணினியில் தொகுக்கச் சொல்வது பயன் தராது. ஒரு குரற்பதிவாகவோ காகிதத்தில் வரைந்தோ அவர்கள் தருவதை மாணவர் ஒருவர் ஏற்றும் முறையே நடைமுறைக்கு உகந்தது. வரைபடத்தை அச்சிட்டு, கையால் திருத்தி, பின்னர் கணினியில் ஏற்றும் முறை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நெடுங்காலமாக உள்ளது.

திருவிழாக்களும் பயணங்களும்

மகா சிவராத்திரியை ஒட்டிப் பக்தர்கள் முஞ்சிறை அருகிலுள்ள திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரு சிவன் கோயில்களுக்குச் செல்லும் சிவாலய ஓட்டம் இம்மாவட்டத்துக்கே உரியது. இடையில் திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, கல்குளம், திருவிதாங்கோடு முதலிய கோயில்கள் உள்ளன. ஓடிச் செல்பவருக்கும் வண்டியில் செல்பவருக்கும் குறுக்கு வழி, குடிநீர், கழிப்பிடம், மருத்துவ உதவி ஆகியவை தேவை. கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா, மண்டைக்காடு மாசிக்கொடை, சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம் ஆகியவற்றின்போதும் போக்குவரத்து மாற்றங்கள் செய்யப்படுகின்றன. தேவை மிகும் இந்நாட்களுக்கு முன்னரே அவ்வழிகளைச் செம்மைப்படுத்தி வைத்தால், ஒரு முறை பயன்படுத்தியவர் பின்னரும் பயன்படுத்த வாய்ப்புண்டு.

அழைப்பிதழ்களும் அறிவிப்புப் பலகைகளும்

திருமண அழைப்பிதழின் பின்புறம் மண்டபத்துக்கு வழி காட்டும் சிறு படம் அச்சிடும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. கட்டற்ற வரைபடத்தை உரிமக் கட்டணமின்றி அச்சிடலாம். 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்' என்று குறிப்பிட்டால் போதும். அருகில் ஒரு விரைவுக் குறியீட்டுச் சதுரத்தைச் சேர்த்தால் நகர்பேசியில் வழி திறக்கும். நூலகம், பள்ளி, ஊராட்சி அலுவலகம் ஆகியவற்றின் சுவர்களில் ஊர் வரைபடத்தை ஒட்டி, 'பிழை இருப்பின் இதன் மேலேயே திருத்துக' என்று எழுதி வைப்பதும் செலவு குறைந்த வழியாகும்.

இணையமின்றி இயங்குதல்

ஓஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் ஆகியவற்றில் வரைபடத்தை முன்னரே பதிவிறக்கி வைக்கலாம். பேச்சிப்பாறை, கோதையாறு, கீரிப்பாறை போன்ற மலையடிவாரப் பகுதிகளில் அலைபேசித் தொடர்பு விட்டு விட்டே கிடைக்கும் நிலையில், இது விளம்பரத்தில் முதலில் கூற வேண்டிய பண்பாகும். ஆயினும் பதிவிறக்கிய வரைபடம் அவ்வப்போதுதான் புதுப்பிக்கப்படும் என்பதையும் பயனருக்குத் தெரிவித்தல் வேண்டும். தாம் செய்த திருத்தம் செயலியில் உடனே தோன்றாததால் மனம் தளர்ந்து விலகுவோர் உண்டு.

விளையாட்டும் பாராட்டும்

வேஸ் செயலி தன் தொடக்கக் காலத்தில், உறுதி செய்யப்படாத சாலைகளின் மீது புள்ளிகளை இட்டு, அவ்வழியே ஓட்டுபவரின் உருவம் அவற்றை 'உண்பது' போலக் காட்டி மதிப்பெண் வழங்கியது. கூகுளின் உள்ளூர் வழிகாட்டிகள் திட்டமும் மதிப்பெண்ணும் படிநிலையும் தருகிறது. இவை விரைவில் ஆட்களைச் சேர்க்கும். ஆனால் மதிப்பெண்ணுக்காகவே பங்களிப்போர் எண்ணிக்கையைக் கூட்டுவர், தரத்தைக் கூட்டுவதில்லை. இல்லாத கடைகளும் இருமுறை பதிந்த இடங்களும் இவ்வாறு பெருகுகின்றன. தாம் திருத்திய வழியை எத்தனை பேர் பயன்படுத்தினர் என்று அறிவிப்பது பட்டங்களைவிட நீடித்த ஊக்கம் தரக்கூடியது.

பேரிடர்க் காலப் பயன்பாடு

2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையில் கீழமணக்குடியையும் மேலமணக்குடியையும் இணைத்த பாலம் இடிந்தது. சில மணித்துளிகளில் ஒரு வழி இல்லாமற் போனதை அன்று அச்சிலிருந்த எந்த வரைபடமும் அறிந்திருக்க முடியாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் தாக்கியபோது மாவட்டமெங்கும் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து சாலைகள் அடைபட்டன. 2023 திசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென்மாவட்டங்களில் பெய்த கனமழையின்போதும் பல வழிகள் துண்டிக்கப்பட்டன.

இத்தகைய வேளைகளில் சமுதாய வரைபடங்களின் பயன் வேறிடங்களில் மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. 2010 சனவரியில் எயிட்டி நிலநடுக்கத்துக்குப் பின், உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரின் தெருக்களைச் சில நாட்களில் வரைந்தனர். மீட்புக் குழுவினர் அதைப் பயன்படுத்தினர். 2015 இறுதியில் சென்னை வெள்ளத்தின்போது, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அடிப்படையிலான ஒரு தளத்தில் மக்கள் நீர் தேங்கிய தெருக்களைச் சொடுக்கிக் குறித்தனர். அண்டை மாநிலமான கேரளம், 2018 பெருவெள்ளத்துக்குப் பின் 'மேப்பத்தான் கேரளம்' என்ற பெயரில் அரசு சார்பிலேயே பொதுமக்களைக் கொண்டு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை நிரப்பும் திட்டத்தை முன்னெடுத்தது.

இவற்றிலிருந்து பெறப்படும் பாடம் ஒன்றே: வெள்ளம் வந்தபின் நீர் தேங்கிய தெருவைக் குறிக்க வேண்டுமாயின், வெள்ளத்துக்கு முன்பே அத்தெரு வரைபடத்தில் இருத்தல் வேண்டும்.

தரவின் உடைமை

பங்களிப்பாளர்களைச் சேர்க்கும் எத்திட்டமும், அவர்கள் உழைப்பின் பயன் யாருக்குச் சொந்தம் என்ற வினாவுக்கு விடை கூற வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவு 2012 செப்டம்பர் முதல் திறந்த தரவுத்தள உரிமத்தின் கீழ் உள்ளது. எவரும் அதை நகலெடுக்கலாம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். மூலத்தைக் குறிப்பிடுவதும், திருத்திய தரவுத்தளத்தைப் பொதுவில் வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிடுவதும் கட்டாயம். ஒரு செயலி நின்றுபோனாலும் தரவு அழியாது. மற்றொரு செயலி அதை எடுத்துக்கொள்ளும். ஆர்கானிக் மேப்ஸ் அவ்வாறு மேப்ஸ்.மீ என்ற முந்தைய செயலியின் மூல நிரலிலிருந்து கிளைத்ததே.

நிறுவனங்களின் உடைமையான வரைபடங்களில் நிலை வேறு. மேப் மேக்கர் மூடப்பட்டபோது தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்த தரவு கூகுள் வரைபடத்தில் தங்கியது. ஆனால் அதை எடுத்துக்கொண்டு வேறிடத்தில் தொடரும் உரிமை அவர்களுக்கு இல்லை. இரு வகை வரைபடங்களும் இலவசமாகக் கிடைப்பதால் பொதுமக்கள் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்வதில்லை. ஊருக்குப் பொதுவான குளத்துக்கும் தனியார் நிலத்திலுள்ள கிணற்றில் நீர் எடுக்கக் கிடைக்கும் இசைவுக்கும் உள்ள வேறுபாட்டை இதற்கு ஒப்பிடலாம்.

சட்ட நிலை

இந்தியாவில் வரைபடம் தயாரித்தல் நெடுங்காலம் கடுமையான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டிருந்தது. 2016 இல் வெளியான புவியிடத் தகவல் ஒழுங்குமுறைச் சட்ட வரைவு, தன்னார்வலர்களும் முன் இசைவு பெற வேண்டிய நிலையை உருவாக்கும் என்று எதிர்ப்புக்குள்ளானது, அது சட்டமாகவில்லை. 2021 பெப்ரவரி 15 அன்று அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இந்திய நாட்டவரும் நிறுவனங்களும் முன் இசைவின்றி வரைபடத் தரவைத் திரட்டவும் வெளியிடவும் வழிவகுத்தன. பாதுகாப்புக் காரணங்களுக்காக விலக்கப்பட்ட இடங்களுக்கு இது பொருந்தாது.

சிக்கல்களும் விமர்சனங்களும்

- நாசவேலை: எவரும் திருத்தலாம் என்பதால் எவரும் கெடுக்கவும் இயலும். 2015 இல் கேலிப் படங்கள் வரையப்பட்டதால் மேப் மேக்கர் சில மாதங்கள் நிறுத்தி வைக்கப்பட்டது. ஊரை அறிந்த பங்களிப்பாளர்கள் மிகுதியாக இருப்பதே இதற்குச் சிறந்த காப்பு.
- சமனின்மை: சுற்றுலா இடங்கள் விரைவில் நிரம்புகின்றன. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைத்து 2024 திசம்பரில் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலம் போன்றவற்றை வரையப் பலர் முன்வருவர். கடலோரக் குடியிருப்பின் சந்தும் மலையடிவாரப் பழங்குடியினர் குடியிருப்பின் பாதையும் காத்திருக்கும்.
- தெருக்களில் நெரிசல்: செயலிகள் குறுக்கு வழிகளைக் காட்டுவதால் அமைதியான தெருக்கள் நெடுஞ்சாலையாகின்றன. அமெரிக்காவின் நியூ செர்சி மாநிலத்தில் லியோனியா என்ற சிற்றூர், 2018 இல் தன் தெருக்களை நெரிசல் நேரங்களில் வெளியூர் வண்டிகளுக்கு மூடியது.
- அந்தரங்கம்: பயணத் தடங்களைப் பதிவேற்றும்போது பங்களிப்பாளரின் வீடும் நடமாட்ட நேரங்களும் வெளிப்படலாம்.

வெற்றியை அளவிடுதல்

வணிகச் செயலிகளின் வளர்ச்சி பெரும்பாலும் பதிவிறக்க எண்ணிக்கையால் அளவிடப்படுகிறது. சமுதாயச் செயலிகளுக்கு இது போதுமான அளவுகோல் அன்று. ஒரு வட்டத்தில் தமிழ்ப் பெயர் பெற்ற தெருக்களின் விகிதம், ஒரு பிழை அறிவிக்கப்பட்டுத் திருத்தப்படும் வரை ஆகும் நாட்கள், முதல் திருத்தத்துக்குப் பின் மூன்று மாதம் கழித்தும் தொகுப்பவர்களின் எண்ணிக்கை ஆகியவை பொருத்தமானவை. இறுதி அளவுகோல் எளியது: ஊருக்குப் புதியவரான அவசர ஊர்தி ஓட்டுநர், யாரிடமும் கேளாமல், இரவில் உரிய வீட்டு வாசலை அடைய முடிகிறதா என்பதே அது.

இவற்றையும் பார்க்க

- ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்
- புவியிடங்காட்டி
- கட்டற்ற மென்பொருள்
- கன்னியாகுமரி மாவட்டம்
- நாஞ்சில் நாடு
- சிவாலய ஓட்டம்